பாகூரானின் மனு

போன வாரம் பேத்தியை எல்.கே.ஜி.யில் சேர்ப்பதற்காக மகள் வந்திருந்தாள். பள்ளியில் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றாள். நான் பழைய பழக்கத்தில் மூக்குக் கண்ணாடியையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டிவிட்டேன். "எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்று சிரித்தாள். கைப்பேசியில் எதையோ தட்டினாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, சான்றிதழ் திரையில் வந்து நின்றது.

39 வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் இந்தக் காகிதத்தை எழுதிக் கொடுப்பதும், எழுதிக் கொடுக்காமல் திருப்பி அனுப்புவதும்தான் வேலை. அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்ததும் எனக்கு பாகூரான் ஞாபகம் வந்துவிட்டது. இத்தனை பதிவுகள் எழுதியும் அவனைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலியார்பேட்டையில் மில் சங்கு ஊதும் சத்தத்தில் நேரம் பார்த்து வளர்ந்தவன் நான் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கு மில்லில் தறி வேலை. வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஒரு சிம்னி விளக்கு. என்னை மட்டும் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார்கள். அப்பாவின் பெரியப்பா மகன் ஒருவர் சைகோனில் குமாஸ்தாவாக இருந்தார். தீபாவளிக்குத் தீபாவளி பணம் அனுப்புவார். பிரெஞ்சு படித்தால் இவனும் சைகோன் போவான், குடும்பம் தலையெடுக்கும் என்பது கணக்கு. நான் சேர்ந்தது 1954இல். அந்த வருடமே பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவில் தோற்றுக் கிளம்பினார்கள். நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியிலும் ஆட்சி கைமாறிவிட்டது. எந்த வேலைக்காக என்னைச் சேர்த்தார்களோ அந்த வேலை, நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் இல்லாமல் போனது. ஆனாலும் பள்ளியை மாற்றவில்லை. சேர்த்தாயிற்று, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் நிறைய விஷயங்கள் அப்படித்தான் முடிவாயின.

பாகூரான் மூன்றாம் வகுப்பில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். உண்மையில் பாகூர்கூட இல்லை, அதற்கும் அப்பால் ஒரு சிற்றூர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது என்பதால் அவனே பாகூர் என்று சொல்லிக்கொண்டான். அப்பா குத்தகை நிலத்தில் பயிர் வைப்பவர். நகரத்தில் இவனுக்கு அத்தை வீடு இருந்தது. அத்தை புருஷன் சொல்தா. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வீட்டுத் திண்ணையில் படுத்து, கடைக்குப் போய், தண்ணீர் இறைத்து, மீதி நேரத்தில் படித்தான்.

(பாகூரைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதை நடத்துவதற்காக மூன்று கிராமங்களைக் கொடையாக விட்டதாகச் செப்பேடே இருக்கிறது. ஆயிரத்து நூறு வருடம் கழித்து அதே ஊர்ப் பக்கத்துப் பையன் படிப்பதற்காக ஒரு திண்ணையைத் தேடி நகரத்துக்கு வந்தான்.)

எங்கள் வகுப்பில் பெரிய பூதம் திக்தே. ஆசிரியர் ஒரு பத்தியை மெதுவாக வாசிப்பார், நாங்கள் கேட்டு எழுத வேண்டும். பீங்கான் மைக்கூட்டில் ஊதா மை, அதில் தொட்டு எழுதும் இரும்பு நிப்பு. ஐந்து பிழை என்றால் பூஜ்யம். பிரெஞ்சு மொழியில் எழுத்து ஒன்று, சத்தம் ஒன்று. வார்த்தைக் கடைசியில் வரும் பாதி எழுத்துகள் வாயில் வராது, தாளில் மட்டும் வர வேண்டும். காதை நம்பி எழுதினால் காலி. எனக்கு மூன்று நான்கு பிழைகள் வரும். பாகூரானுக்கு வராது. மாதக்கணக்கில் ஒரு பிழைகூட இல்லாமல் எழுதுவான். எப்படிடா என்று கேட்டால், "வரப்பு மாதிரி. கண்ணை மூடிக்கிட்டு நடந்தாலும் காலு அதுவா போவும்" என்பான்.

நாங்கள் படித்ததை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் நதிகளை, அவை எங்கே பிறந்து எங்கே கடலில் சேர்கின்றன என்பதோடு ஒப்பிப்போம். அரியாங்குப்பத்தில் தினமும் கடக்கிற சங்கராபரணி செஞ்சி மலையிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்போது வயது முப்பதுக்கு மேல். இலையுதிர் காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவோம். எங்களுக்குத் தெரிந்த காலங்கள் இரண்டு: வெயில், ஐப்பசிப் புயல். ஆனால் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. 1961 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 28 பேர். எந்த மொழியில் என்றாலும் ஒரு மில் தொழிலாளி மகனும் ஒரு குத்தகைக்காரர் மகனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோமே, அதுவே பெரிய விஷயம்.

1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படி இணைப்பு முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள். எங்கள் தெருவில் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சே இல்லை. அப்பா ஷிப்டுக்குப் போனார், வந்தார். அம்மா கேழ்வரகு அரைத்தாள். அந்த ஆறு மாதம் அப்படியே போய்விட்டது. சொல்தா குடும்பங்கள் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பின்னாளில் அவர்கள் வீட்டுக்கு வந்த பென்ஷனையும், மாடி மேல் மாடி எழும்பியதையும் பார்த்து, ஒரு கையெழுத்தில் கோட்டை விட்டோமே என்று புலம்பியவர்கள் ஊரில் அநேகர். நானும் ஒரு காலத்தில் புலம்பியிருக்கிறேன். இப்போது இல்லை.

பாகூரானின் அத்தை வீட்டிலும் எழுதிக் கொடுத்தார்கள். 1963 நடுவில் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கப்பல் ஏறினார்கள். பூட்டிய வீட்டோடு திண்ணையும் போயிற்று. பிரெவே பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. பள்ளியில் சம்பளம் ஒன்றும் கேட்கவில்லை, புத்தகம் கூட இரவல் கிடைத்திருக்கும். தூங்க இடம் இல்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. சோற்றுப் பானையை மட்டும் ஒருமுறை பார்த்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை புத்தகங்களை எனக்குக் கொடுத்துவிட்டு மாட்டு வண்டியில் ஊருக்குப் போனான்.

இலவசக் கல்வி, இலவசக் கல்வி என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும்.

1966இல் ஒருமுறை அவன் ஊருக்குப் போயிருந்தேன். பஞ்ச காலம். ரேஷனில் அரிசி குறைந்து, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையும் மைலோ என்ற சிவப்புச் சோளமும் போட்ட காலம். நெல் விளைவிக்கிறவர்கள் வீட்டிலேயே எனக்கு மைலோக் கஞ்சிதான் ஊற்றினார்கள். அவன் கறுத்து, தோள் அகன்று, வேறு ஆளாக இருந்தான். சுவரில் கரியால் பிரெஞ்சில் மாதங்களின் பெயர்களை எழுதி, நாற்று விட்ட தேதியைக் குறித்து வைத்திருந்தான். பிறகு பதினைந்து வருடம் பார்க்கவில்லை.

இடையில் எனக்கு 1969இல் உத்தியோகம் கிடைத்தது. கிடைத்ததே அந்தப் பிரெஞ்சினால்தான். ஆட்சி மாறினாலும் பழைய பதிவேடுகள் எல்லாம் பிரெஞ்சில் இருந்தன. பிறப்பு, கலியாணம், இறப்பு மூன்றையும் பதிகிற எத்தா சிவில் என்ற ஏற்பாட்டை அவர்கள் மிகக் கறாராக நடத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பதிவேடுகளைப் படித்து நகல் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து வந்த அதிகாரிகளுக்கு பிரெஞ்சு தெரியாது, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கும் தெரியாது. எந்த அலுவலகம் என்று வேண்டாம், ஒரு அலுவலகம்.

அந்தப் பதிவேடுகளில் இருந்த பெரிய வம்பு பெயர்கள். பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்ததை அவன் எழுத்தில் எழுதி வைத்திருப்பான். முத்து என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் எழுதுவது எம், ஓ, யு, இரண்டு டி, மறுபடி ஓ, யு. இணைப்புக்குப் பிறகு ரேஷன் கார்டு எழுதியவர்கள் ஆங்கில வழக்கப்படி எம், யு, டி, எச், யு என்று எழுதினார்கள். வாயால் சொன்னால் ஒரே முத்து. தாளில் இரண்டு பேர். என் மேசைக்கு முன்னால் ஒரே உடம்போடு இரண்டு பேராக நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். நிலம் விற்க முடியாது, பென்ஷன் வாங்க முடியாது, பிள்ளையைச் சேர்க்க முடியாது.

1981 மார்ச்சில் பாகூரான் வரிசையில் நின்றான். நான் அடையாளம் கண்டுகொண்டு "டேய்" என்று எழுந்தேன். அவன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வணக்கம் முசே" என்றான். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் அப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுக்க வெளியே அழைத்துப் போனேன். அங்கேயும் முசேதான்.

மூத்த பெண்ணுக்குப் பதினொரு வயது. ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது முடிக்கப் போகிறாள். நகரத்தில் விடுதியோடு ஒரு பள்ளியில் ஆறாவதில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிறப்புச் சான்று கேட்கிறார்கள். 1970இல் தை அறுப்பு நேரத்தில் வீட்டிலேயே பிறந்தவள். மருத்துவச்சிக்கு ஒரு மரக்கால் நெல் கொடுத்ததோடு சரி, போய்ப் பதியவில்லை. "அறுப்ப உட்டுட்டு எப்பிடி முசே போறது?" என்றான்.

பிறந்து ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் பதியக் கூடாது என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். அதைச் சொன்னேன். போய்விட்டு மே மாதக் கடைசியில் உத்தரவோடு வந்தான். இரண்டு மாதத்தில் வாங்கியது ஆச்சரியம்தான். எத்தனை நாள் கூலியை விட்டானோ, யாரிடம் கடன் வாங்கினானோ கேட்கவில்லை. உத்தரவில் அவன் பெயர் ரேஷன் கார்டில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் இருந்தது. எங்கள் பதிவேட்டில் அவன் பிறப்பும் கலியாணமும் பிரெஞ்சு எழுத்தில் இருந்தன.

இந்த இடத்தில் நான் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. இரண்டும் ஒரே பெயர், பிரெஞ்சு எழுத்துமுறையால் வந்த வித்தியாசம் என்று கோப்பில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடலாம். அந்தப் பிரிவில் அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான். முன்பு எத்தனையோ பேருக்கு எழுதியும் இருக்கிறேன். ஆனால் அந்த வருடம் பிப்ரவரியில்தான், நான் எழுதிய ஒரு குறிப்பை வைத்து வேறு யாரோ ஒருவர் சொத்துத் தகராறில் மாட்டிக்கொண்டு, எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருந்தது. நான் அப்போது யு.டி.சி., 330-560 விகிதம். வீட்டில் இரண்டு குழந்தைகள், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் நான்காவது. பயந்துவிட்டேன். "ஒரு மனுவா எழுதிக் குடு. மேல வெச்சுப் பாக்கறேன்" என்றேன்.

அங்கேயே மர பெஞ்சில் உட்கார்ந்து எழுதினான். நான் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்தால், முழுக்க பிரெஞ்சு. ஊதா மை இல்லை, நீல மை. மற்றபடி எங்கள் பள்ளி எழுத்து அப்படியே, கீழ்க் கோடு அழுத்தமாக, மேல் கோடு மெல்லியதாக. பதினெட்டு வருடம் ஏர் பிடித்த கை எழுதியது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான்தான் அந்தப் பெயரில் பிறந்தவன், இரண்டு எழுத்திலும் நான்தான் இருக்கிறேன், என் மகளைப் பள்ளியில் சேர்க்க அனுமதியுங்கள் என்று, கெஞ்சாமல், ஒரு பக்கத்தில். அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.

அதிகாரியிடம் கொண்டுபோய் வைத்தேன். நல்ல மனிதர், வடக்கே இருந்து வந்தவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன மொழி, ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதி உன் கருத்தோடு வை என்றார். என் கருத்து! மொழிபெயர்த்தேன். கீழே, மனுதாரர் இரு பெயரும் தமதே என்பதற்கு நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் பெற்று வரும்படி அறிவுறுத்தலாம் என்று எழுதினேன். சட்டப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் நடுவில் அவனிடம் சொன்னபோது, "செரிங்க முசே" என்றான். எப்போது வருவான் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலைக் கடைசியில் வந்தான். பத்திரம் இருந்தது. அன்றே பதிந்து, அன்றே நகல் எழுதி, நானே கையெழுத்து வாங்கி, ஓடிப்போய் வெளி வாசலில் கொடுத்தேன். வாங்கி நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டான். பள்ளியில் இடம் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அடுத்த வருடம் அவள் வயதுக்கு வந்துவிட்டாள், அனுப்பவில்லை என்று பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நடவுக்குப் போனாள். கடலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். கடைசிப் பையன் 1983இல் பிறந்தபோது, பிறந்த மூன்றாம் நாளே பாகூரான் பதிவதற்கு வந்து நின்றானாம். நான் அப்போது வேறு பிரிவுக்கு மாறியிருந்தேன், பார்க்கவில்லை. பட்டியலில் நான்காவதாக இருந்த எனக்குப் பதவி உயர்வு அதற்கு முந்தின வருடமே வந்துவிட்டது.

1994இல் என் தங்கை மகள் கலியாணத்துக்கு எப்படியோ கேள்விப்பட்டு வந்திருந்தான். ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்தான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "அவளுக்கென்ன முசே, நல்லாத்தான் இருக்கா. ரெண்டு புள்ள. ரெண்டும் படிக்குது" என்றான். அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். இப்போது அவனும் இல்லை. ஆறு வருடம் ஆகிறது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு பழைய கோப்புகளைக் கழிக்கப் பட்டியல் போட்டார்கள். அழிக்க வேண்டிய கட்டில் அந்தக் கோப்பும் இருந்தது. மனுவை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிட்டேன். விதிப்படி குற்றம். என் பிரெவே சான்றிதழோடு சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன். மகள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன்.

அதில் ஒரு பிழை இருக்கிறது. நான் கொடுத்த தாள்கள் என்று வருகிற இடத்தில், கொடுத்த என்ற வினையின் கடைசியில் ஒரு எஸ் போட வேண்டும். தாள்கள் பன்மை, வினைக்கு முன்னால் வருகிறது, ஆகவே எஸ். சத்தத்தில் வராத எழுத்து. பள்ளியில் எங்கள் எல்லோரையும் கவிழ்த்த விதி அது, அவனை ஒருநாளும் கவிழ்த்ததில்லை. 1981இல் அவன் என் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போதே அதைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது.